கேரி ஐயரும் ஒரு புல்வெளிப் பூவும்

1818-இல் செராம்பூர்க் கல்லூரியை நிறுவியோருள் ஒருவராக நாம் அறிந்த வில்லியம் கேரி ஐயர், 1761-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1793-இல் வங்காளம் சேர்ந்தவர்.

செராம்பூர்த் தோட்டத்திலே, தாய்நாட்டினின்று வந்த விதைகளை எடுத்தபின், பையை நிழல்மண்ணில் உதறினார். சின்னாளில் டெய்சி என்னும் புல்வெளிப் பூஞ்செடி முளைத்தது. முப்பதாண்டுக்குமேற் காணாத அதனைக் கண்டு உள்ளம் பூரித்தார். ஆங்குப் பல்லாண்டு வாழும் அதன் வேர், ஈங்கு மழைக்காலத்தைத் தாங்காது மடிந்தது. ஆண்டுதோறும் முளைத்த சில நாற்றுக்களால் அதனை அரிதிற் காத்தார். ஒருகால் ஒரே செடி எஞ்சியது.

இந்நாட்டுச் செடிகளையும் அவர் மறந்தாரல்லர். ராக்ஸ்பரோ விட்டுச்சென்ற இந்தியத் தாவர நூலை 1832-இல் பதிப்பித்தார், 1834-இல் மறைந்தார்.

படவேட்டை அடுத்த ஜவ்வாது மலையின் செங்காந்தளோ, கோடையிற் கிழங்காய் உறங்கி மழைக்கு எழுவது. அதன் விதையை நாம் எத்தனை பேர் நம் தோட்டத்தில் ஊன்றினோம்?