செவியால் கற்ற செம்மல் தாஹா ஹுசைன்

கல்வியைக் கண்ணெனப் போற்றுவது தமிழ் மரபு. ஓதுமாறு பணித்த கட்டளையோடு அருளப்பெறத் தொடங்கிய திருமறையை ஏந்தி நிற்பது இஸ்லாமிய மரபு. இவ்விரு மரபுகளுக்கும் உரிய நாம், கண்ணொளி இழந்தும் கல்வியொளி பெற்ற எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைனின் மாணவப் பருவத்தை அறிந்துகொள்ளுதல் நலம். அவர்தம் நூல்களைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். இலக்கியத்தில் உயர்பட்டம் பெற அவர் பட்ட பாட்டையும், அப்பட்டத்தின் மதிப்பைக் காக்க அவர் கொடுத்த விலையையும் ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மேல் எகிப்தில் மக்காகா என்னும் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் 1889ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தாஹா ஹுசைன் பிறந்தார். தந்தையாரின் பதின்மூன்று மக்களுள் ஏழாமவர். மழலைப் பருவத்தில் கண்ணோய் கண்டது. ஊர் நாவிதர் செய்த மருத்துவம் பலன் தராது பார்வை பறிபோயிற்று. எனினும் ஊர் மக்தபில் சேர்ந்து, ஒன்பது வயது நிரம்புமுன் திருக்குர்ஆனை மனனம் செய்தார். இடையில் அதனை மறந்து, தந்தையார் முன் ஓத இயலாது நாணி நின்றதையும், மீண்டும் முயன்று ஓதி முடித்ததையும் 'அல்-அய்யாம்' என்னும் தன்வரலாற்று நூலில் அவரே ஒளிக்காது எழுதியுள்ளார்.

அல்-அஸ்ஹரில்

1902இல் தமையனாருடன் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சேர்ந்தார். ரொட்டியும் அவித்த பயறும் வெல்லப்பாகுமே பெரும்பாலும் உணவு. தமையனார் நண்பர்களோடு பாடம் பயில மாலையில் வெளியே செல்வார். இளையவரோ அறையின் மூலையில் தனித்து அமர்ந்திருப்பார். இத்தனிமை அவரை மிகவும் வருத்தியது. அந்நாளில் சையித் அல்-மர்ஸஃபீ என்னும் ஆசிரியர் நடத்திய இலக்கியப் பாடம் அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று. கவிதையின் சொல்லையும் பொருளையும் ஆராய்ந்து சுவைக்கும் பயிற்சியை அங்கே பெற்றார். பழைய பாட முறையை வினாவத் தொடங்கிய மாணவருக்கும் ஆசிரியர் சிலருக்கும் பிணக்கு மூண்டது. 1912இல் அல்-அஸ்ஹரின் உயர்பட்டத் தேர்வில் அவர் தேறவில்லை.

ஒரு வாயில் அடைபட்டபோது மற்றொரு வாயில் முன்னரே திறந்திருந்தது. 1908இல் தோன்றிய எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்று வந்தார். நல்லினோ, லிட்மன் போன்ற ஐரோப்பிய அறிஞர்கள் அங்கே பாடம் நடத்தினர். ஓர் இலக்கியத்தை அது தோன்றிய காலத்தோடும் சமூகத்தோடும் பொருத்திக் காணும் முறையை அவர் அங்கே கற்றார். 1914இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டம் அவருக்கே கிட்டியது. ஆய்வுப் பொருளாக அவர் கொண்டது, அவரைப் போன்றே பார்வையிழந்தவரான அபுல் அலா அல்-மஅர்ரீ என்னும் பெருங்கவிஞரை. தம் துயரைச் சொல்லிப் புலம்பாமல், அத்துயர் பிறிதொருவரிடம் எவ்வாறு கவிதையாயிற்று என்று ஆராய்ந்த பெற்றிமை போற்றத்தக்கது.

பிரான்சில் பெற்ற பயிற்சி

மேற்படிப்புக்காக அவரைப் பிரான்சுக்கு அனுப்பப் பல்கலைக்கழகம் முதலில் இசையவில்லை. அவரோ பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டு மீண்டும் விண்ணப்பித்தார். 1914இல் மோன்பெலியே நகர் சேர்ந்தார். 1915இல் பல்கலைக்கழகத்தின் பொருள் முடையால் திருப்பி அழைக்கப்பட்டார். சில திங்களில் மீண்டும் புறப்பட்டுப் பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிரெஞ்சு மாணவர் பள்ளிப் பருவம் முதலே பயின்று வந்த இலத்தீன் மொழியை அவர் வளர்ந்தபின் அடிப்படையிலிருந்து கற்க நேர்ந்தது.

மோன்பெலியேயில் அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டிய சூசான் என்னும் மங்கையே 1917இல் அவர்தம் வாழ்க்கைத் துணைவியாரானார். இப்னு கல்தூனின் சமூகத் தத்துவம் பற்றிய ஆய்வேட்டுக்கு 1918இல் சொர்போன் முனைவர் பட்டம் வழங்கியது. 1919இல் தாயகம் திரும்பிப் பண்டைய கிரேக்க, உரோம வரலாற்றுப் பேராசிரியரானார். கிரேக்க நாட்டின் நில அமைப்பை அவர் விரலால் தடவி உணரும்படி துணைவியார் தாளில் வடிவமைத்துக் கொடுத்தார். அதன் துணையால் அவர் மாணவர்க்கு அப்பாடத்தை விளக்கினார்.

கருத்துப் புயல்

1925இல் அரபு இலக்கியப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலில், ஜாஹிலிய்யாக் காலத்தனவாகக் கருதப்படும் கவிதைகளுள் பெரும்பாலானவை பிற்காலத்தார் புனைந்தவை என்றார். நபி இப்ராஹீம் (அலை), நபி இஸ்மாயீல் (அலை) பற்றி அதில் எழுதியவை முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. அக்கருத்துகள் நமக்கும் உடன்பாடல்ல. அரசு வழக்குரைஞர் விசாரணை நடத்தி, குற்ற நோக்கமில்லை என 1927இல் வழக்கை முடித்தார். சர்ச்சைக்குரிய பகுதிகள் நீக்கப்பெற்று, அந்நூல் வேறு பெயரில் வெளிவந்தது. அறிஞர் பலர் அவருக்கு மறுப்பு நூல்கள் எழுதினர். அம்மறுப்புகளாலும் அரபு இலக்கிய ஆய்வு வளம் பெற்றது. நூலுக்கு நூலாலும் சான்றுக்குச் சான்றாலும் விடையிறுப்பதே ஆய்வுலகின் அறம்.

பட்டத்தின் மதிப்பு

தாஹா ஹுசைன் கலைப்புல முதல்வராக இருந்த காலத்தில், அரசியலார் சிலருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்குமாறு அரசு வற்புறுத்தியது. அவர் இணங்கவில்லை. அதன் விளைவாக 1932இல் பதவி இழந்தார். அச்செயலைக் கண்டித்துப் பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபீ அஸ்ஸையித் தாமும் பதவி விலகினார். இருளில் அமர்ந்து, பிறர் குரல்வழிப் பக்கம் பக்கமாகக் கேட்டுப் பெற்ற பட்டம் அது. அதன் அருமையை அவர் நன்கறிவார். ஆதலின், உழையாதார்க்கு அதனை வழங்க அவர் மனம் ஒப்பவில்லை.

1950இல் கல்வியமைச்சரானபோது இடைநிலைக் கல்வியைக் கட்டணமின்றி அனைவர்க்கும் உரியதாக்கினார். பட்டத்தின் தரத்தைத் தளர்த்த மறுத்த அதே மனிதர்தாம் கல்வியின் வாயிலை ஏழைகளுக்கு அகலத் திறந்தார். இவ்விரண்டும் முரணல்ல. நுழைவதற்கு யாவர்க்கும் வழி வேண்டும்; தேறுவதற்கு உழைப்பு வேண்டும். 1973 அக்டோபர் 28இல் அவர் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டியவை

முதுகலையும் முனைவர் பட்டமும் பயிலும் நம் மாணவர், பிறர் ஏட்டைப் பெயர்த்தெழுதித் தம் பெயரிடும் குறுக்குவழியை நாடுங்கால் இவ்வரலாற்றை நினைவு கூர்தல் வேண்டும். நூலகத்தில் கண்முன் உள்ள நூலைப் புரட்டச் சோம்புவோர்க்கு, நூலைக் காணவும் இயலாதவர் நடத்திய ஆய்வு நல்லதோர் இடித்துரை. பார்வையற்ற மாணவர்க்கு நாள்தோறும் ஒரு நாழிகை வாசித்துக் காட்டுவோர் பெரும் நன்மையை ஈட்டுவர். வாசிக்கும் ஒரு குரல் கிட்டாமையால் எத்தனை தாஹா ஹுசைன்கள் நம் ஊர்களில் அறியப்படாது போயினரோ! சமுதாயப் பெரியோரும் இதனைக் கருத்திற் கொள்வாராக. பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.