சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 – 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரங்களில் இவர் கரி என்று சுருக்கமாக அழைக்கப்பட்டார். சாலையில் ஓடும் சாதாரணத் தானுந்துகளின் பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயத் தானுந்துகளை உருவாக்கியது இவரது முதன்மையான பங்களிப்பாகும். 1988 ஆம் ஆண்டில் அறிமுகமான பார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்து இவரது ஆக்கமே. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பின்னணி

கரிவரதன், 1910 இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய இலட்சுமி மில்ஸ் நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூற்பாலைகளால் வளர்ந்த கோயம்புத்தூர், ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தேவையால் காலப்போக்கில் பொறியியல் நகரமாகவும் மாறியது. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937 இல் உள்நாட்டு மின்னோடியை உருவாக்கியதும் இந்நகரில்தான். வார்ப்பாலைகள், லேத் பட்டறைகள், பற்சக்கரம் வெட்டுவோர், பற்றவைப்புத் தொழிலாளர் எனப் பலரும் அருகருகே இருந்தமையால், வரைபடத்தில் உள்ள ஒரு பாகத்தை உலோகத்தில் செய்து பார்ப்பது இங்கு எளிதாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களை வரவழைக்காமல் உள்ளூரிலேயே பந்தயத் தானுந்து கட்டும் முயற்சிக்கு இச்சூழல் பெரிதும் துணைபுரிந்தது.

சோழவரம் பந்தயங்கள்

சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று உள்ளது. போருக்குப் பின்னர் இது பந்தயத் தடமாகப் பயன்படலாயிற்று. 1953 இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்குப் பந்தயங்களை நடத்தி வந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நடைபெற்ற சோழவரம் பந்தயங்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. கரிவரதனும் இத்தடத்தில் பந்தயம் ஓட்டியவர். இத்தடத்திற்கெனத் தானுந்துகளை உருவாக்கியவர்.

ஓடுதளம் என்பதால் சோழவரத்தில் நீண்ட நேர்ப்பாதைகளும் அவற்றின் முடிவில் கூர்மையான திருப்பங்களும் இருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைப் பெருமளவு குறைத்து, பின்னர் மீண்டும் முழு வேகத்தை எட்ட வேண்டும். எனவே, நேர்கோட்டில் விரைவதை மட்டும் அளக்கும் டிராக் பந்தயத்தைப் போலவே இங்கும் முடுக்கம் முதன்மை பெற்றது. முடுக்கத்தைத் தீர்மானிப்பது பொறியின் திறன் மட்டுமன்று. அத்திறன் எவ்வளவு எடையை இழுக்க வேண்டியுள்ளது என்பதும் ஆகும்.

அக்காலத்து வாய்ப்புகள்

1991 ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன்னர் வெளிநாட்டுத் தானுந்துகளை இறக்குமதி செய்வதற்குக் கடும் கட்டுப்பாடுகளும் மிகுந்த சுங்கவரியும் இருந்தன. வசதி படைத்த சிலர் வெளிநாட்டுப் பந்தயத் தானுந்துகளைச் சோழவரத்திற்குக் கொண்டு வந்தனர். ஏனையோருக்குக் கிடைத்தவை அம்பாசடர், பியட் 1100, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற சில வகைகளே. இவை 1950களின் வடிவமைப்பை ஒட்டியவை. பியட்டின் பொறி 1089 கன செ.மீ. கொள்ளளவும் ஹெரால்டின் பொறி 948 கன செ.மீ. கொள்ளளவும் கொண்டிருந்தன.

இத்தகைய தானுந்தைப் பந்தயத்திற்கு ஏற்றதாக மாற்றுவதற்குச் சில வழிமுறைகள் உண்டு. செலவில்லாத முதல் வழி எடைக் குறைப்பு. பின் இருக்கைகள், கதவின் உட்புற அட்டைகள், தரைவிரிப்பு போன்றவை அகற்றப்படும். அடுத்து, உருளைத் தலையின் அடிப்பரப்பைச் சிறிதளவு சீவி அமுக்க விகிதத்தைக் கூட்டுவர். காற்றும் எரிபொருளும் செல்லும் வழிகளை அகலப்படுத்தி மெருகிடுவர். பெரிய கார்புரேட்டரையும் தடையற்ற புகைபோக்கியையும் பொருத்துவர். சமன்சக்கரத்தைக் கடைந்து எடை குறைத்தால் பொறியின் சுழற்சி விரைவாக ஏறும். இவையெல்லாம் லேத் பட்டறையில் செய்யக்கூடிய வேலைகளே.

எனினும் இவ்வழிக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. கனத்த எஃகு உடல் என்பது எவ்வளவு குறைத்தாலும் ஓரளவுக்கு மேல் குறையாது. மேலும், மாற்றங்கள் கூடக் கூடச் செலவும் கூடும்; இறுதியில் அதிகம் செலவிட்டவரே முன்னிலை பெறுவார். குறைந்த செலவில் தொடங்கிய ஒருவர் பிறரைத் துரத்திச் செலவு செய்து பாதியிலேயே விலக நேரிடும். இச்சிக்கலுக்கு விடையாக அமைந்ததே பார்முலா மாருதி.

பார்முலா மாருதி

மாருதி 800 தானுந்து 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 796 கன செ.மீ. கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட இதன் பொறி ஏறத்தாழ 40 குதிரைத்திறனை அளித்தது. இது பியட்டின் திறனை ஒத்ததே. ஆனால் மாருதியின் எடை சுமார் 650 கிலோ மட்டுமே. பியட்டைவிட 200 கிலோவுக்கும் மேல் குறைவு. சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பரவிய இத்தானுந்தின் உதிரிப் பாகங்கள் சிறு நகரங்களிலும் கிடைத்தன. பழுது பார்க்கத் தெரிந்த பணியாளர்களும் எங்கும் இருந்தனர்.

இதன் மற்றொரு வசதி அமைப்பைச் சார்ந்தது. மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. பொறி, பற்சக்கரப் பெட்டி, வேறுபாட்டுப் பற்சக்கரம் ஆகிய மூன்றும் முன்புறத்தில் குறுக்காக ஒரே தொகுதியாக இருந்தன. இத்தொகுதியை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினால், நீண்ட இயக்குதண்டு ஏதுமின்றிப் பின்சக்கர இயக்கம் கொண்ட பந்தயத் தானுந்து கிடைத்துவிடும். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகமும் கண்ணாடியிழையாலான மேலுடலும் எடையைக் குறைத்தன. இரண்டையும் பெரிய ஆலை இல்லாமலேயே செய்ய இயலும்.

இக்கருத்து உலகிற்குப் புதியதன்று. அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் வோக்ஸ்வாகன் பீட்டில் பாகங்களைக் கொண்டு பார்முலா வீ தோன்றியது. பிரித்தானியாவில் 1967 இல் போர்டு கார்ட்டினாவின் பொறியைக் கொண்டு பார்முலா போர்டு தொடங்கப்பட்டது. அந்தந்த நாட்டில் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கும் பொறியைப் பந்தயத்தின் அடிப்படையாகக் கொள்வதே இவற்றின் பொதுத்தன்மை. கரிவரதன் இந்தியச் சாலையில் கிடைத்த பொறியைக் கொண்டு அதே தேவையை நிறைவு செய்தார்.

முக்கியத்துவம்

ஒரே வகைப் பொறியையும் ஒரே வகைச் சட்டகத்தையும் கொண்ட பந்தயத்தில் செலவு செய்து பெறும் முன்னிலை குறைகிறது. ஓட்டுநரின் திறமை வெளிப்படுகிறது. தனிப்பட்ட செல்வம் இல்லாத ஒருவரை நிறுவனங்கள் அடையாளம் கண்டு ஆதரவளிப்பதற்கும் இதுவே வழி செய்தது. செல்வக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், பிறர் களமிறங்குவதற்கான செலவைக் குறைப்பதில் தம் உழைப்பைச் செலுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

திறன் குறைந்த பொறி பயிற்சிக்கும் ஏற்றதாக அமைந்தது. மிகுதியான குதிரைத்திறன் இருந்தால் திருப்பத்தில் செய்யும் பிழையை நேர்ப்பாதையில் ஈடுசெய்துவிடலாம். சிறிய பொறியில் அது இயலாது. திருப்பத்தில் இழந்த வேகம் அடுத்த திருப்பம் வரை திரும்ப வராது. எனவே தடை பிடிக்கும் இடம், திருப்பத்தில் செல்லும் கோடு, பற்சக்கரம் மாற்றும் நேரம் ஆகியவற்றைத் துல்லியமாகக் கற்க வேண்டியதாயிற்று.

1990 இல் திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் பயன்பாட்டுக்கு வந்ததும், பார்முலா மாருதி பந்தயங்கள் அங்கு நடைபெற்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தமது முதல் பந்தயத்தை அங்குப் பார்முலா மாருதியில் ஓட்டி, முதல் மூவருள் ஒருவராக வந்தார். இவர் 2005 இல் ஜோர்டான் அணி சார்பில் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000 ஆம் ஆண்டில் பார்முலா மாருதி தேசிய வாகையர் பட்டத்தை வென்று, 2010 இல் பார்முலா 1 ஐ எட்டினார்.

மறைவு

கரிவரதன் 1995 ஆம் ஆண்டு வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. இந்தியர் ஒருவர் பார்முலா 1 தடத்தில் இறங்கியது அவர் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னரே.

நினைவும் தொடர்ச்சியும்

முன்னாள் பந்தய ஓட்டுநரான பி. விஜயகுமார் செட்டிபாளையத்தில் அமைத்த பந்தயத் தடத்திற்குக் கரிவரதனின் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள இத்தடம் 2003 இல் திறக்கப்பட்டது. தேசிய அளவிலான பந்தயங்கள் இங்கு நடத்தப்படுகின்றன. பிற்காலத்தில் பார்முலா மாருதியின் இடத்தை எல்ஜிபி பார்முலா 4 உள்ளிட்ட புதிய வகைகள் பிடித்தன. இவையும் உள்நாட்டில் கட்டப்பட்ட சட்டகத்தில் சாலைத் தானுந்தின் பொறியைப் பொருத்தும் முறையையே பின்பற்றுகின்றன.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைத் தானுந்துகளுடன் பங்கேற்கும் பார்முலா பாரத் போட்டியும் இத்தடத்தில் நடைபெற்றுள்ளது. இப்போட்டியில் ஓட்ட வேகம் மட்டுமன்றி, வடிவமைப்புக்கும் உருவாக்கச் செலவுக்கும் தனித்தனியே மதிப்பெண்கள் உண்டு.