பெசன்ட் நகர் தெரியும்... அன்னி பெசன்ட் 1877-ல் ஏன் கைதானார் தெரியுமா?

சென்னையில் வார இறுதி என்றாலே பலருக்கும் பெசன்ட் நகர் பீச்தான். அந்த ஏரியாவுக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட்டை ஹோம் ரூல் இயக்கத் தலைவராகப் பள்ளியில் படித்திருப்போம். காங்கிரஸுக்குத் தலைமை வகித்த முதல் பெண் யார் என்ற பொது அறிவுக் கேள்விக்கும் அவர் பெயர்தான் பதில்.

ஆனால், இந்தியாவுக்கு வருவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெயர் பிரிட்டன் முழுக்கப் பரவியிருந்தது. காரணம், ஒரு வழக்கு. கருத்தடை பற்றிய சிறு புத்தகம் ஒன்றை மலிவு விலையில் விற்றதற்காக அவர் கைதானார். அதன் தொடர்ச்சியாக, பெற்ற மகளையும் அவரிடமிருந்து பிரித்தார்கள்.

எல்லாம் படித்தார், ஒன்றைத் தவிர

1847 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் பிறந்தவர் அன்னி வுட். ஐந்து வயதில் அப்பாவை இழந்தார். குடும்பம் பணக் கஷ்டத்தில் இருந்தாலும், எலன் மேரியட் என்ற ஆசிரியையிடம் நல்ல கல்வி கிடைத்தது. பிரெஞ்சு, ஜெர்மன் படித்தார். ஐரோப்பாவில் பயணம் செய்தார். அந்தக் காலத்து நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

ஆனால், தன் உடலைப் பற்றி மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. 1867 டிசம்பரில், 20 வயதில், ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருடன் கல்யாணம் நடந்தது. தாம்பத்தியம் என்றால் என்னவென்றே தெரியாமல்தான் அந்த வாழ்க்கைக்குள் போனதாகப் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். ஒன்றுமே சொல்லாமல் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொடுப்பது அவளுக்கு இழைக்கும் அநீதி என்பது அவர் கருத்து.

அடுத்தடுத்து ஒரு மகன், ஒரு மகள். மத நம்பிக்கை தளர்ந்தது, கணவரோடு ஒத்துப்போகவில்லை. 1873-ல் பிரிந்தார். மகன் டிக்பி அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம் என்று ஏற்பாடானது.

அப்படி என்ன புத்தகம் அது?

அடுத்த ஆண்டு லண்டனில் பகுத்தறிவுப் பேச்சாளர் சார்லஸ் பிராட்லாவின் அமைப்பில் சேர்ந்தார் அன்னி. ஏழைத் தொழிலாளர் வீடுகளில், சம்பளம் அப்படியே இருக்க, வருஷத்துக்கொரு குழந்தை பிறப்பதையும், பிறந்ததில் பல இறந்துபோவதையும் பார்த்தார்.

கருத்தடை பற்றி 'ஃப்ரூட்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி' என்றொரு சிறு நூல் இருந்தது. அமெரிக்க டாக்டர் சார்லஸ் நோல்டன் 1832-ல் எழுதியது. இங்கிலாந்தில் 40 ஆண்டுகளுக்கு மேலாக அமைதியாக விற்றுக்கொண்டிருந்த அந்த நூலின் மீது திடீரென வழக்குகள் பாய்ந்தன. அதன் பதிப்பாளர் 1877 தொடக்கத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார்.

அன்னியும் பிராட்லாவும் ஒதுங்கவில்லை. புதிதாகப் பதிப்பகம் தொடங்கி, அதே நூலை மீண்டும் அச்சிட்டார்கள். விலை 6 பென்ஸ். எந்த நாள், எந்த நேரத்தில் விற்கப்போகிறோம் என்று போலீஸுக்கே முன்கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். மார்ச் 24 அன்று விற்பனை தொடங்கியது, ஏப்ரலில் கைது.

நோல்டன் எழுதிய மருத்துவத் தகவல்களில் பலவும் அப்போதே பழசு. அது அன்னிக்கும் தெரியும். அந்த நூலைவிட, அப்படியொரு நூலை வெளியிடும் உரிமைதான் அவருக்கு முக்கியம்.

விலைதான் குற்றமா?

1877 ஜூன் 18-ம் தேதி விசாரணை தொடங்கியது. பெண்கள் வக்கீலாகவே முடியாத காலம் அது. 29 வயது அன்னி தனக்காகத் தானே வாதாடினார்.

இங்கேதான் ட்விஸ்ட். நூலில் இருந்த உடற்கூறு விவரங்கள் மருத்துவப் புத்தகங்களிலும் இருந்தன, இன்னும் விரிவாகவே. பணம் உள்ளவர்கள் அவற்றை வாங்கிப் படிக்கத் தடையில்லை. இந்த நூலோ 6 பென்ஸுக்குக் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும், இளைஞர்கள்கூட, வாங்கிவிடலாம் என்பதை அரசுத் தரப்பு பெரிய குறையாக முன்வைத்தது.

அன்றைய சட்டமும் அதற்கு வசதியாக இருந்தது. ஒரு நூல் ஆபாசமா என்பதற்கு 1868-ல் ஒரு அளவுகோல் வகுக்கப்பட்டிருந்தது. எளிதில் கெட்டுப்போகக்கூடியவர்கள் கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இதுதான் 'ஹிக்லின் சோதனை'. அதை வகுத்த தலைமை நீதிபதி காக்பர்ன்தான் அன்னியின் வழக்கையும் விசாரித்தார். அவர் இருவரிடமும் ஓரளவு பரிவோடுதான் நடந்துகொண்டார். ஆனால் அளவுகோல் அதேதான்.

நான்கு நாள் விசாரணைக்குப் பிறகு ஜூரி சொன்ன தீர்ப்பு விநோதமானது: நூல் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, ஆனால் வெளியிட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆளுக்கு 6 மாதச் சிறை, 200 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், குற்றப்பத்திரிகையில் இருந்த பிழையால் 1878 பிப்ரவரியில் தண்டனை ரத்தானது.

ஆண்டுக்குச் சில நூறு பிரதிகள் விற்ற நூல், வழக்கு நடந்த மூன்று மாதங்களில் 1,25,000 பிரதிகள் விற்றது. மறைக்கப் பார்த்ததே விளம்பரமாகிவிட்டது.

கொடுத்த விலை

சிறையிலிருந்து தப்பினாலும் வீட்டில் அடி விழுந்தது. மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரி ஃபிராங்க் கோர்ட்டுக்குப் போனார். மகளுக்கு மதக் கல்வி தராததும், இப்படியொரு புத்தகத்தை வெளியிட்டதும் அன்னிக்கு எதிராக நின்றன. 1878-ல் தீர்ப்பு வந்தபோது மேபலுக்கு 7 வயது. வளர்ந்த பிறகு இரு பிள்ளைகளுமே அம்மாவைத் தேடி வந்தார்கள் என்பது பின்கதை. இடையில் போன ஆண்டுகள் போனவைதான்.

அதன் பிறகும் அன்னி நிறுத்தவில்லை. நோல்டன் நூலுக்குப் பதிலாக, 'தி லா ஆஃப் பாப்புலேஷன்' என்ற நூலை ஏற்கெனவே அவரே எழுதியிருந்தார். அதுவும் 6 பென்ஸ்தான். ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அவரே மனம் மாறினார்

1889-ல் பிளவாட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்த அன்னி, தியாசஃபி பக்கம் திரும்பினார். ஆசையை அடக்குவதுதான் வழி என்ற புதிய நம்பிக்கையில், 1891-ல் தன் நூலை விற்பனையிலிருந்து தானே திரும்பப் பெற்றார். கோர்ட்டால் தடுக்க முடியாததை அவரே நிறுத்தினார். அவரைக் கொண்டாடுபவர்கள் பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவதுண்டு.

1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். இங்கே குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் பேசினார். காசியில் கல்லூரி, அடையாறில் தியாசஃபிகல் சொசைட்டி, ஹோம் ரூல், 1917-ல் வீட்டுக்காவல், அதே ஆண்டில் காங்கிரஸ் தலைமை. 1933 செப்டம்பர் 20-ம் தேதி அடையாறிலேயே காலமானார்.

இது இப்போது எதற்கு?

அவரைக் கூண்டில் ஏற்றிய அளவுகோல் அவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. ஹிக்லின் சோதனையை இந்திய உச்ச நீதிமன்றம் 1964-ல் ஒரு நாவல் விற்ற வழக்கில் ஏற்றுக்கொண்டது. அது இனி பொருந்தாது என்று தெளிவாகச் சொன்னது 2014-ல்தான்.

கோர்ட்டுக்கு வெளியே அந்த மனநிலை இன்னும் போகவில்லை. 2007-ல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் வந்தபோது, மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகா உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தின. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதுதான் அப்போதும் பேச்சு. 1877-ல் பயம் 6 பென்ஸ் விலையைப் பார்த்து வந்தது. இன்று எல்லாமே ஒரு டீனேஜர் கையில் இருக்கும் போனில் இலவசமாகக் கிடைக்கிறது, சரியானதும் தவறானதும் கலந்தே. எது சரி என்று பிரித்துச் சொல்லித்தர ஒரு ஆசிரியரோ, பெற்றோரோ இருக்கிறார்களா என்பதுதான் பிரச்சினை. 20 வயது அன்னிக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.