சன்னலோரச் சிறுவன்

சன்னல் என்பது போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல். வங்காளத்திலும் அதே சொல்லைத்தான் 'ஜானாலா' என்கிறார்கள். சுவரில் ஒரு திறப்பு, அவ்வளவுதான். ஆனாலும் கலைஞர்கள் அதை விட்டுவைக்கவில்லை. ஆலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் மறைநூல் நிகழ்ச்சிகளை நமக்குச் சொல்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு ஓவியர் வெர்மீர் வரைந்த பல படங்களில், இடப்பக்கச் சன்னல் வழியே வரும் ஒளிதான் எல்லாவற்றுக்கும் உயிர் தருகிறது. நம் நாட்டிலும் சன்னலோரம் அமர்ந்து வேடிக்கை பார்த்தே வளர்ந்த கவிஞர் ஒருவர் உண்டு. அவர் இரவீந்திரநாத் தாகூர். நாட்டுப்பண் தந்தவர், நோபல் பரிசு பெற்றவர் என்று அவரை நாம் அறிவோம். இன்று அவரது வாழ்வைச் சன்னல் வழியாகக் காண்போம்.

1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் இடத்திலிருந்த பெரிய மாளிகையில் தாகூர் பிறந்தார். செல்வம் மிகுந்த குடும்பம். ஆனால் பிள்ளைகளை வளர்த்தவர்கள் வேலைக்காரர்கள். அவர்களில் ஒருவர் சிறுவன் இரவியை ஓரிடத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிடுவார். கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்பது இராமாயணம் படித்த சிறுவனுக்குத் தெரியும். எனவே வட்டத்தைத் தாண்டாமல், அங்கிருந்த சன்னல் வழியே நாளெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். கீழே ஒரு குளம், கரையில் ஓர் ஆலமரம். காதைப் பொத்திக்கொண்டு சட்டென்று முங்கி எழுபவர், படியிலிருந்து குதிப்பவர் என்று குளிக்க வரும் ஒவ்வொருவரின் பழக்கமும் அவனுக்கு மனப்பாடம்.

பள்ளிக்கூடமும் அவருக்குச் சிறையாகவே இருந்தது. பல பள்ளிகள் மாறினார், எதிலும் மனம் ஒட்டவில்லை. இயேசு சபையினரின் தூய சவேரியார் பள்ளியிலும் சிறிது காலம் படித்தார். அங்கே தெ பெனரண்டா என்ற ஸ்பெயின் நாட்டுத் தந்தை ஒருவர் இருந்தார். அவரது ஆங்கில உச்சரிப்பு சரியாக இல்லாததால் மாணவர்கள் அவரைப் பொருட்படுத்துவதில்லை. ஒருநாள் எழுத்து வகுப்பில் தாகூரின் பேனா ஓடவில்லை, மனம் எங்கோ இருந்தது. மேற்பார்வை செய்துகொண்டு வந்த தந்தை அவர் பின்னால் நின்றார். குனிந்து, தோளில் கைவைத்து, உடம்புக்குச் சுகமில்லையா என்று பரிவோடு கேட்டார். நடந்தது இவ்வளவே. ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தம் இளமை நினைவுகளை எழுதியபோது, தாகூர் அந்தத் தந்தையை மறவாமல் நன்றியோடு குறிப்பிட்டார். அந்தப் பள்ளியில் எத்தனையோ பாடங்கள் நடந்திருக்கும். அவர் நெஞ்சில் நின்றது, ஒருவர் நின்று விசாரித்த அந்த ஒரு நிமிடம்.

வளர்ந்தபின் குடும்ப நிலங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1890களில் பத்மா ஆற்றில் படகு வீட்டிலேயே பல நாள்கள் தங்கினார். படகின் சன்னல் வழியே கரையோர ஊர்களையும், துறைக்கு வரும் பெண்களையும், ஏழை உழவர்களையும் கண்டார். அந்த மக்களின் வாழ்விலிருந்து அவரது சிறந்த சிறுகதைகள் பிறந்தன. 1901இல் சாந்திநிகேதனில் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. நான்கு சுவருக்குள் வாடிய சிறுவன் சுவரே இல்லாத பள்ளியை உண்டாக்கினார் என்பது பொருத்தம்தானே! அந்தத் தொடக்க நாள்களில் அவருக்குத் துணைநின்றவர், கத்தோலிக்க மறையைத் தழுவிய வங்காளச் சிந்தனையாளர் பிரம்மபாந்தவ் உபாத்யாய் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அதன்பின் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1902இல் மனைவி மிருணாளினி, 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தந்தை, 1907இல் இளைய மகன் சமீந்திரநாத் என்று அடுத்தடுத்து இழந்தார். காலராவால் இறந்த அந்த மகனுக்கு அப்போது 11 வயதும் முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1911இல், தாகூர் ஒரு நாடகம் எழுதினார். பெயர் 'டாக்கர்', அதாவது தபால் நிலையம். அதன் நாயகன் நோயுற்ற ஒரு சிறுவன்.

அமல் என்னும் அந்தச் சிறுவனை வெளியே விடக்கூடாது, காற்றும் வெயிலும் படக்கூடாது என்று வைத்தியர் கட்டளையிடுகிறார். அமல் சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறான். தயிர்க்காரர் நிற்கிறார். காவல்காரர் நிற்கிறார். பூக்காரியின் மகள் சுதா நிற்கிறாள். எதிரே அரசரின் தபால் நிலையம் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, அரசர் தனக்கும் கடிதம் எழுதுவார் என்று நம்பிக் காத்திருக்கிறான். ஊர்த் தலைவர் வெற்றுத்தாளைக் காட்டி அவனைக் கேலி செய்கிறார். ஆனால் இறுதியில் அரசரின் வைத்தியரே வந்து, மூடிய கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிடச் சொல்கிறார். விண்மீன்களின் ஒளியில் அமல் உறங்கிப்போகிறான். பூக்களோடு வந்த சுதா, தான் அவனை மறக்கவில்லை என்று அவன் காதில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறாள்.

இந்த நாடகத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தயிர்க்காரர் முதலில் தம் நேரம் வீணாகிறதே என்று சலித்துக்கொள்கிறார். அமலோ அவரது ஊரையும், ஆற்றையும், தயிர் விற்கக் கூவும் அழகையும் ஆசையோடு பேசுகிறான். தானும் தயிர் விற்கப் போக வேண்டும் என்கிறான். போகும்போது தயிர்க்காரர் காசு வாங்காமல் தயிர் கொடுக்கிறார். தம் தொழிலில் இவ்வளவு மகிழ்ச்சி இருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைதான் தமக்குக் கற்றுத்தந்தான் என்கிறார். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொண்டு போகிறார்.

1941 ஆகஸ்டு 7ஆம் நாள், பிறந்த அதே மாளிகையில் தாகூர் இறந்தார். ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. போலந்து நாட்டின் வார்சா நகரில் நாசிகள் யூதர்களைச் சுவருக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே அனாதைப் பிள்ளைகளைக் காத்துவந்த மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், 1942 ஜூலை 18ஆம் நாள் இதே நாடகத்தைப் பிள்ளைகளை வைத்து நடத்தினார். சாவை அஞ்சாமல் ஏற்க அவர்களுக்குக் கற்றுத்தரவே அதைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில் ஏறத்தாழ 200 பிள்ளைகள் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தப்பிக்க வாய்ப்பிருந்தும் கோர்ச்சாக் அவர்களை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளோடு நடந்தார், அவர்களோடு இறந்தார். கல்கத்தாச் சன்னலோரம் முளைத்த ஒரு நினைவு, எங்கோ இருந்த பிள்ளைகளுக்குக் கடைசி நாள்களின் ஆறுதலானது.

அன்பார்ந்தவர்களே, சன்னலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உள்ளே இருப்பவர் பார்க்கத்தான் முடியும். நிற்பதா, கடந்துபோவதா என்பது வெளியே போகிறவர் கையில் இருக்கிறது. சிறுவயதில் சன்னல் வழியே வேடிக்கை பார்த்த தாகூர், தம் நாடகத்தில் தெருவில் போவோரைச் சன்னலருகே நிற்க வைத்தார்.

கோரிப்பாளையத்தில் வாழும் நாம் எத்தனை சன்னல்களைக் கடந்து போகிறோம்! நம் பகுதியில் உள்ள அரசு இராஜாஜி மருத்துவமனைக்குத் தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் என்று பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். பலருக்கு இங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நம் தெருக்களிலும், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, சன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்திருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் உண்டு. கீரை விற்கும் அம்மா நின்று நாலு வார்த்தை பேசுகிறார். நாமோ வண்டியில் விரைந்து போய்விடுகிறோம். எரிகோ சாலையோரம் பார்வையற்ற பர்த்திமேயு கூப்பிட்டபோது இயேசு நின்றார் என்பதை நாம் ஆலயத்தில் கேட்கத் தவறுவதில்லை.

முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போதும், அன்பியமாக வீடுகளைச் சந்திக்கும்போதும், அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரம் நமக்கு வேண்டாம். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு நிறுத்தாமல், சன்னல் வழியே இன்று என்ன பார்த்தீர்கள் என்றும் கேட்போம். அவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். தயிர்க்காரரைப் போல நாமும் பெற்றுக்கொண்டு திரும்புவோம். இந்த வாரம் நம் தெருவில் அப்படி ஒரு சன்னல் எது என்று பார்ப்போம், அதன் அருகில் ஐந்து நிமிடம் நிற்போம்.