கிறீன் குன்றின் வைத்தியக் குடும்பம்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 - 1884) என்ற அமெரிக்க வைத்தியரின் பெயர் தமிழுலகுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தவர் என்றும், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தவர் என்றும் அவரை நாம் அறிவோம். ஈழத்துக் கவிஞர் அம்பி அவரது பணியைத் தேடித் தொகுத்து எழுதி, நம் தலைமுறையினர் அவரை மறவாதிருக்க வழி செய்தார். எனினும் அப்பெருமகனார் எத்தகைய குடியிலே தோன்றினார், எந்த மண்ணின் பழக்கங்களைத் தம்முடன் சுமந்து வந்தார் என்பன அதிகம் பேசப்படாதவை. ஒரு குடும்பம் நான்கு தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த நிலமும் கலையும் ஐந்தாம் தலைமுறையில் என்னவாயிற்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குகையில் கிடந்த சிறுவன்

கிறீன் குடும்பத்தின் மூதாதையர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்து மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் குடியேறியவர்கள். அவர்தம் வழியில் வந்த சாமுவேல் கிறீன் என்பவர் அக்காலத்தில் பெருங்காடாயிருந்த லெஸ்ரர் என்னும் ஊரின் முதற் குடியேறிகளுள் ஒருவர். அவருடைய மகன் தோமஸ் கிறீன் 1699 ஆம் ஆண்டில் பிறந்தவர். குடும்பத்தின் வைத்திய மரபு இவரிடமிருந்தே தொடங்குகின்றது.

தோமஸ் இளைஞனாயிருந்தபோது, புதிய நிலத்தில் மந்தையைக் காக்கும் பொறுப்பு அவனிடம் விடப்பட்டது. மனித நடமாட்டம் அற்ற அக்காட்டில் அவனைக் கடுஞ்சுரம் பற்றியது. எழுந்து நடக்கவும் வலுவற்ற நிலையில் பாறை ஒன்றின் அடியிலே குகைபோல் அமைந்த இடத்தில் ஒதுங்கினான். கன்று ஒன்றை அருகிலுள்ள மரத்திலே கட்டி வைத்து, அதற்குப் பாலூட்ட வந்த தாய்ப்பசுவின் பாலைக் கறந்து குடித்து உயிர் தாங்கினான் என்பது அக்குடும்பத்தில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. செய்தியறிந்து வந்த தந்தை அவனை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அவ்வீட்டிலே தங்க நேர்ந்த ஆங்கிலேய வைத்தியர் இருவர் அவன்பால் அன்பு கொண்டு நூல்களைக் கொடுத்து மருத்துவம் கற்பித்தனர் என்றும் சொல்லப்படுகின்றது.

தோமஸ் கிறீன் வைத்தியராகவும் பப்ரிஸ்ற் திருச்சபையின் போதகராகவும் ஒருங்கே பணிபுரிந்தார். மருத்துவக் கல்லூரிகள் தோன்றாத காலம் அது. இளைஞர்கள் வைத்தியர் ஒருவரின் வீட்டிலே தங்கி, அவருடன் குதிரையேறிச் சென்று நோயாளரைக் கண்டு, மருந்தரைத்து, நூல் வாசித்துக் கற்பதே வழக்கம். இவ்வகையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தோமஸின் வீட்டில் பயின்றனர். நம் நாட்டில் பரம்பரை வைத்தியரின் திண்ணையில் மாணாக்கர் இருந்து கற்றதை ஒத்த முறை இது. உடல்நோய்க்கு மருந்தும் உள்ளத்துக்குப் போதனையும் ஒரே கையால் வழங்கியவர் கிறீனின் கொள்ளுப்பாட்டனார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிலமும் நிழலும்

1754 ஆம் ஆண்டில் தோமஸ், வூஸ்ரர் நகரின் புறத்தே குன்றும் வயலுமாய்க் கிடந்த நிலத்தைத் தம் மகன் ஜோனுக்காக வாங்கினார். பின்னாளில் குடும்பப் பெயராலேயே கிறீன் குன்று என அழைக்கப்பட்ட நிலம் அதுவே. 1736 இல் பிறந்த ஜோன் கிறீன் அங்கே குடியமர்ந்து, வைத்தியமும் வேளாண்மையும் செய்து, ஊரின் மதிப்புக்குரியவரானார். அமெரிக்க விடுதலைப் போராட்டத்தில் அவர் விடுதலையை விரும்பியோரின் பக்கம் நின்றார்.

அவருடைய இரண்டாம் மனைவி மேரியின் தந்தையோ அதற்கு நேர்மாறானவர். தளபதி திமொதி றக்கிள்ஸ் என்னும் அவர், 1765 இல் கூடிய முத்திரைச் சட்டப் பேராயத்துக்குத் தலைமை தாங்கியும் அதன் தீர்மானத்தில் ஒப்பமிட மறுத்தவர். இறுதிவரை ஆங்கில அரசருக்கே விசுவாசமாயிருந்து, உடைமைகளை இழந்து, நோவா ஸ்கோசியாவுக்குப் புலம்பெயர்ந்து அங்கேயே மறைந்தார். மருமகன் ஒரு பக்கமும் மாமனார் மறுபக்கமுமாக நின்ற காலம் அது. இத்தகைய பிளவின் வேதனையை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

அதனினும் கொடியது ஒன்று தொடர்ந்தது. மேரியின் தங்கை பத்சேபா ஸ்பூனர் தன் கணவனைக் கொல்வித்த குற்றத்துக்காக 1778 ஜூலை 2 ஆம் நாள் வூஸ்ரரில் தூக்கிலிடப்பட்டாள். தான் கருவுற்றிருப்பதாகவும் குழந்தை பிறக்கும்வரை தண்டனையைத் தள்ளிவைக்க வேண்டுமென்றும் அவள் மன்றாடினாள். பரிசோதித்த மருத்துவிச்சியர் முதலிற் கருவில்லை என்றனர். மறுமுறை அவர்களுட் சிலர் உண்டு என்றனர். அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. மரணத்தின் பின் உடலைத் திறந்து பார்த்தபோது ஐந்து மாத ஆண் சிசு காணப்பட்டது. அவளுடைய உடல் கிறீன் குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறுகின்றது.

அக்குன்றின் மீது விளையாடி வளர்ந்த சிறுவர்கள் இச்செய்தியை எவ்வளவுக்கு அறிந்திருந்தனர் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. ஆனால், வைத்தியர் வீட்டுப் பெண்ணொருத்தியின் உடன்பிறந்தாளுக்கு, அவள் கருவுற்றதை உறுதியாகச் சொல்லும் அறிவு அன்று உதவவில்லை என்பது வரலாறு. அந்த மேரியின் பேரன் பின்னொரு காலத்தில் ஏழ்கடல் தாண்டி வந்து தமிழில் வெளிக்கொணர்ந்த முதல் நூல்களுள் ஒன்று பிரசவ வைத்தியம் என்பதைச் சேர்த்து எண்ணும்போது நெஞ்சு சற்றே நின்று போகின்றது.

நூல்நிலையம் தந்த வைத்தியர்

முதலாம் ஜோன் கிறீனின் மூத்த தாரத்து மகனும் ஜோன் என்ற பெயருடைய வைத்தியரே. அவருடைய மகனாகிய மூன்றாம் ஜோன் கிறீன் (1784 - 1865) வூஸ்ரர் நகரத்தின் புகழ்பெற்ற வைத்தியராய் விளங்கினார். நம் கிறீனுக்கு அவர் பெரியப்பாவின் மகன். வைத்தியத்தால் ஈட்டிய பொருளை நூல்களாக மாற்றிய அவர், 1859 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,000 நூல்களை நகரத்துக்கு வழங்கினார். வூஸ்ரர் பொது நூல்நிலையம் அக்கொடையிலிருந்து எழுந்தது. அவருடைய உடன்பிறந்தாரின் மகன் சாமுவேல் சுவெற் கிறீன் 1871 முதல் அந்நூல்நிலையத்தின் நூலகராயிருந்து, வாசகருக்கு நூலகர் நேரில் உதவ வேண்டுமென்ற கருத்தை 1876 இல் முன்வைத்து, நூலகத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

முதலாம் ஜோனுக்கும் மேரிக்கும் பிறந்த வில்லியம் எலைஜா கிறீன் (1777 - 1865) மட்டும் சட்டம் பயின்றார். நாளடைவில் வழக்குரைப்பதை விட்டுக் குன்றுக்குத் திரும்பி நிலத்தோடு வாழ்ந்தார். அவருக்குப் பிள்ளைகள் பதினொருவர். நிலம் பரந்திருந்ததேயன்றிப் பணம் பெருகவில்லை. நிலமிருந்தும் கையில் காசில்லாத குடும்பங்களை நாமும் அறிவோம். எனவே பிள்ளைகள் இளமையிலேயே நியூயோர்க் சென்று உழைக்கலாயினர். சகோதரிகள் அந்நகரில் பெண்களுக்கான பாடசாலை ஒன்றை நடத்தினர்.

இரு சகோதரர்

இப்பதினொருவருள் இருவரை வரலாறு தனியே பிரித்து நிறுத்துகின்றது. ஒருவர் 1820 இல் பிறந்த அன்றூ ஹஸ்வெல் கிறீன். மற்றவர் 1822 ஒக்ரோபர் 10 ஆம் நாள் பிறந்த சாமுவேல். சாமுவேலுக்குப் பதினொரு வயதானபோது தாயார் ஜூலியா காலமானார்.

அன்றூ வழக்கறிஞரானார். நியூயோர்க்கின் மத்திய பூங்காவை அமைத்த ஆணைக்குழுவில் முதன்மைப் பங்கேற்றார். நகரின் கருவூலத்தைக் கொள்ளையடித்த கூட்டம் வீழ்ந்தபின் 1871 இல் நகரக் கணக்காயராகி நிதியைச் சீர்செய்தார். நண்பர் சாமுவேல் ரில்டனின் மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பாளராயிருந்து, நியூயோர்க் பொது நூல்நிலையம் 1895 இல் உருவாக உதவினார். 1898 இல் சிதறிக்கிடந்த பகுதிகள் யாவும் ஒரே பெருநகராக இணைந்தமை அவரது நெடுங்கால முயற்சியின் பயன். மணம் செய்துகொள்ளாத அவர், தந்தையின் குன்றைக் கைவிடாது காத்து, வீட்டையும் பெருப்பித்தார். 1903 நவம்பர் 13 ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில், வேறொருவரென்று பிழையாகக் கருதிய ஒருவனால் தம் வீட்டு வாயிலிலே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இளையவரோ குடும்பத்தின் பழைய தொழிலுக்கே திரும்பினார். 1845 இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற சாமுவேல், 1847 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் தங்கினார். கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புதலே அவரை அனுப்பியோரின் நோக்கம். அதை அவரும் மறைத்ததில்லை. சைவமும் கிறிஸ்தவமும் வாதிட்டுக்கொண்ட காலத்தில் அவர் ஒரு பக்கத்தவரே. எனினும் அவரிடம் மருந்துக்காக வந்தோர் எல்லாச் சமயத்தவரும் ஆவர்.

தமிழில் ஒரு மருத்துவம்

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே மாணவர்க்குக் கற்பித்தார். விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலங் கற்ற வைத்தியன் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றான். உடையும் நடையும் மாறின. கிராமத்து நோயாளி மட்டும் இருந்தபடியே இருந்தான். தம் மாணவர் தமிழராகவே உடுத்தித் தமிழராகவே வாழ்ந்து தம் ஊரிலே வைத்தியம் செய்ய வேண்டுமென்று அவர் விரும்பினார். தோமஸ் கிறீனின் வீட்டிலே பயின்றவர்கள் தம் அயலார் பேசும் மொழியில் தம் அயலாருக்கே வைத்தியம் செய்யக் கற்றவர்கள். கொள்ளுப்பேரன் மானிப்பாயிலே தேடியதும் அதுவே என்று கொள்வதில் தவறில்லை.

1858 முதல் 1862 வரை தாயகத்தில் தங்கி, மாகறற் வில்லியம்ஸ் என்னும் மங்கையை மணந்து, துணைவியுடன் மீண்டார். 1864 இல் தமிழ்மூல வகுப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே, 1865 இல், தந்தை வில்லியமும் நூல்நிலையம் தந்த ஜோனும் மறைந்தனர். இருவர் பிரிவையும் கடலுக்கு இப்பால் இருந்தே அவர் தாங்க வேண்டியதாயிற்று.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல் 1857 இலும், இரண வைத்தியம் 1867 இலும் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியன 1872 இலும், கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் தொடர்ந்தன. கிறே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சானது 1858 இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் வந்துவிட்டது. இவ்வேகத்தை இன்றைய மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லாக்கத்திலும் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லைத் தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பதே அம்முறை. தமிழ் மாணவர்களும் அறிஞர்களும் அவருடன் இருந்து மொழிபெயர்த்தும் திருத்தியும் உழைத்தனர். அந்நூல்கள் ஒருவரின் ஆக்கமல்ல, ஒரு வட்டத்தின் ஆக்கம். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுட் பாதியளவினர் தமிழிலே கற்றவர்கள்.

திரும்புதலும் எஞ்சியதும்

உடல்நலம் குன்றிய கிறீன் 1873 இல் குடும்பத்துடன் கிறீன் குன்றுக்குத் திரும்பினார். அங்கிருந்தும் அவர் பணி ஓயவில்லை. பனி பெய்யும் அக்குன்றிலிருந்தபடியே தமிழ் நூல்களுக்கான வேலையைத் தொடர்ந்தார். 1884 மே 28 ஆம் நாள் அங்கேயே மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டுமென்று அவர் கேட்டுக்கொண்டார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுப் பெருமையுடைய குடும்பத்தில் பிறந்தவர், குடும்பத்தின் பெயரையோ நிலத்தின் பெயரையோ அன்றித் தாம் யாருக்குப் பணிசெய்தார் என்பதையே தம் அடையாளமாகக் கொண்டார்.

1905 இல் கிறீன் குன்று நகரமக்களின் பூங்காவாக உரிமையாளரால் கொடுக்கப்பட்டது. குடும்பத்தார் வாழ்ந்த மாளிகை 1957 இல் இடிக்கப்பட்டது. அக்குடும்பம் ஈட்டியவற்றுள் நிலம் பூங்காவாயிற்று, நூல்கள் நூல்நிலையமாயின, கலை மானிப்பாயில் மருத்துவமனையாய் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. தமக்கெனச் சேர்த்தவை அனைத்தும் ஈற்றில் ஊருக்கே ஆயின.

தமிழ்மூல மருத்துவக் கல்வியோ அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அங்காதிபாதம், சுகரணம், கெமிஸ்தம் போன்ற அவரது சொற்களும் பெரும்பாலும் வழக்கிழந்தன. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் இரசாயனவியலும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இதனால் அவர் தோற்றாரென்று கொள்ளலாகாது. தமிழில் முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்று நான்காயிரம் பக்கங்களுக்கு மேலாக எழுதிக் காட்டிய விடை அழியவில்லை. அழிந்தது அவ்விடையைத் தொடர்ந்து பயன்படுத்தும் பழக்கமே. அந்தக் குறை அவருடையதன்று.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இவ்வரலாறு ஒரு கடமையைச் சுட்டுகின்றது. கவிதைக்குச் சொல் தேடும் நாம், மருந்துச்சீட்டுக்கும் நோய்ப்படுக்கைக்கும் வேண்டிய சொல்லைத் தேடுவதும் இலக்கியப் பணியே என உணர்தல் வேண்டும். நோயுற்ற ஒருத்தி தன் உடலில் நிகழ்வதைத் தன் மொழியில் அறிந்துகொள்ளும் நாளே, கிறீன் குன்றிலிருந்து வந்த அவ்வைத்தியரின் பணி முற்றுப்பெறும் நாளாகும்.