வட்டிக்கடையிலிருந்து ஆலைக்கு

மேல்நிலை முதலாம் ஆண்டில் உங்கள் கைக்கு வரும் மிதிவண்டி, ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டுப் பண்டம். அதை இம்மண்ணிலேயே செய்வதற்கு 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. அம்பத்தூரில் அதன் ஆலை எழுந்தது. அத்தொழிற்குடும்பத்தின் முதல்வர் பொறியாளர் அல்லர். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்துவந்த வணிகர். அவர் திவான் பகதூர் ஏ.எம். முருகப்பச் செட்டியார்.

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் 1884இல் பிறந்த முருகப்பர், 14ஆம் வயதில் உறவினரிடம் தொழில் பயிலப் பர்மா சென்றார். நகரத்தார் பிள்ளைகளுக்கு அந்நாளில் கடையே கல்விக்கூடம். பெட்டியடிப் பையனாக அமர்ந்து கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வது அவர்தம் வழக்கம். முருகப்பரோ தமக்கெனத் தொழில் கண்டார். மலேயா, இலங்கை, இந்தோசீனா என அது கிளைத்தது.

பர்மாத் தொழிலின் அன்றாடம் ஒரே சீரானது. நடவுக்குக் கடன், அறுவடையில் வசூல், இடையறாத பேரேட்டுக் கணக்கு. தலைமுறைகள் பழகிய அப்பாதை 1930இல் நெல்விலை சரிந்தபோது தடுமாறியது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலங்களே வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. இதனை வளர்ச்சி என்று கருதுவது பிழை. நிலமிழந்த பர்மிய உழவரின் மனக்கொதிப்பில் நியாயம் இருந்தது. வணிகருக்கோ அது பெயர்த்தெடுத்துச் செல்ல இயலாத செல்வம். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கவும்பட்டது.

நட்டத்தில் ஒரு தொழிலைச் சுருக்குவது இயல்பு. கைவந்த தொழிலை, இன்னும் ஏடுகளில் வரவு எழுதப்படும்போதே சுருக்குவதற்குத் தனித்துணிவு வேண்டும். முருகப்பர் 1930களிலேயே தம் முதலைத் தாயகத்துக்குத் திருப்பினார். 1942இல் இரங்கூன் ஜப்பானியர் வசமானது. பல இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர்; காடும் மலையும் கடந்து நடந்தோர் பலர், வழியிலேயே மாண்டோரும் பலர். நகரத்தார் பலருடைய முதல் அங்கேயே தங்கிப்போயிற்று.

இங்கே அவர் குடும்பம் கையிலெடுத்தவை முன்பின் அறியாத தொழில்கள்: உப்புத்தாள், எஃகு அறைகலன்கள். அதன்பின் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மிதிவண்டி. வட்டிக்கடைக்கு ஒரு பெட்டகமும் நம்பிக்கையான ஆளும் போதும். ஆலைக்கோ எந்திரமும் தேர்ந்த தொழிலாளரும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். மிதிவண்டி நிறுவனம் தோன்றிய 1949ஆம் ஆண்டிலேயே முருகப்பர் மறைந்தார்.

பணியை மக்கள் தொடர்ந்தனர். மிதிவண்டிக்கு எஃகுக் குழாய் வேண்டும்; 1955இல் ஆவடியில் குழாய் ஆலை எழுந்தது. சங்கிலி வேண்டும், 1960இல் அம்பத்தூரில் அதற்கும் ஓர் ஆலை வந்தது. வயலும் ஏரியுமாய் இருந்த அவ்வூர்களின் சாலைகளில், ஆலைச் சங்கு ஒலிக்கும் வேளையில் தொழிலாளர் மிதிவண்டிகளில் அணியணியாகச் செல்லலாயினர்.