பதினெட்டு வயதில் ஒரு பூதம்!



மலருக்கு ஏதாவது எழுது என்று யூனியனில் கேட்டார்கள். கவிதைக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கும் இந்த மலரில் பஞ்சமே இருக்காது. அதனால் நான் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் மேரி ஷெல்லி.

பெயரைக் கேட்டதும் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்று சொல்லிப் பாருங்கள்! உடனே தட்டைத் தலையும், கழுத்தில் இரண்டு பக்கமும் போல்ட்டுமாக ஒரு பூதம் கண் முன்னால் வந்து நிற்கும். அந்த முகம் 1931-ல் வந்த சினிமா கொடுத்தது. நாவலில் போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. பூதத்துக்குப் பெயரே கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதைச் செய்தவனின் பெயர். அவன் டாக்டர்கூட இல்லை, இங்கோல்ஸ்டாட் என்ற ஊருக்குப் படிக்கப் போன மாணவன், நம்ம மாதிரி. இதை எழுத உட்கார்ந்தபோது மேரிக்கு வயது 18. கணக்குப் பார்த்தால், நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக அலையும் வயசு.

1797 ஆகஸ்ட் 30-ல் லண்டனில் பிறந்தார். பிறந்த பதினோராம் நாள் அம்மா இறந்துபோனார். அந்த அம்மா சாதாரண ஆள் இல்லை. பெண்களின் உரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட். அப்பா வில்லியம் காட்வின், நாவலாசிரியர், தத்துவ எழுத்தாளர். வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை, கடனுக்கும் குறைவில்லை. அப்பாவும் சிற்றன்னையும் சேர்ந்து குழந்தைகளுக்கான புத்தகங்களைப் பதிப்பித்து விற்று வந்தார்கள். ஆக, புத்தகத் தொழிலில் பணம் எப்படி வராமல் போகும் என்பதை மேரி சின்ன வயசிலேயே பார்த்துவிட்டார்!

1814 ஜூலையில், 16 வயதில், பெர்ஸி ஷெல்லி என்ற இளம் கவிஞருடன் வீட்டைவிட்டு வெளியேறி பிரான்சுக்குப் போய்விட்டார். பெர்ஸிக்கு ஏற்கெனவே கல்யாணமாகி மனைவி இருந்தார். இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் விலை கொடுத்தது அதிகம் பெண்கள்தான். மேரிக்கு 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு வாரத்துக்குள் இறந்தது. சில நாள் கழித்து மேரி ஒரு கனவு கண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்ற கனவு. கண் விழித்தால் குழந்தை இல்லை. செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கும் கதை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி செய்பவர்கள் எதை எதையோ சொல்கிறார்கள். எனக்கு இந்த ஒரு பக்க நாட்குறிப்பே போதும் என்று படுகிறது.

1816 கோடையில் மேரியும் பெர்ஸியும் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தார்கள். பக்கத்து மாளிகையில் கவிஞர் பைரனும், அவருடைய இளம் டாக்டர் பொலிடோரியும். கோடை என்றுதான் பெயர், ஓயாத மழையும் குளிரும். காரணம் அங்கே இல்லை. முந்தின வருஷம் ஏப்ரலில், இன்றைய இந்தோனேஷியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பலும் வாயுவும் வானத்தை மறைத்துவிட்டன. வெளியே போக முடியாமல் பேய்க் கதை படித்துக்கொண்டிருந்த கும்பலிடம், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதலாம் என்றார் பைரன். இரண்டு பெரிய கவிஞர்களும் கொஞ்சம் எழுதிவிட்டுப் போட்டுவிட்டார்கள். உருப்படியாக வந்தது மேரியின் கதையும், பொலிடோரியின் ரத்தக் காட்டேரிக் கதையும்தான். பொலிடோரி பாவம், அவர் கதை 1819-ல் பைரன் பெயரில் அச்சானது!

எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் மின்சாரம் என்பது ஒரு மாயம். கால்வானி செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்தார், வோல்டா 1800-ல் பேட்டரி செய்தார். கால்வானியின் மருமகன் ஆல்டினி 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடம்பில் பேட்டரியை இணைத்தபோது தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது. இந்தப் பேச்செல்லாம் மேரியின் காதில் விழுந்ததுதான். ஆனாலும் நாவலில் பூதம் எழும் இடத்தில் மின்னலும் இல்லை, சுவிட்ச் போர்டும் இல்லை. ஒரு பொறி என்பதோடு விட்டுவிடுகிறார். விவரம் சொல்லியிருந்தால் நம்ம எச்.ஓ.டி. தப்பு கண்டுபிடித்திருப்பார்!

எழுதிய மாதங்கள் நிம்மதியாகப் போகவில்லை. அக்டோபரில் அக்கா ஃபேனி தற்கொலை. டிசம்பரில் பெர்ஸியின் மனைவி ஹாரியட் நீரில் மூழ்கி இறந்து கிடந்தார். அந்த மாதக் கடைசியில் மேரிக்கும் பெர்ஸிக்கும் கல்யாணம் நடந்தது. கைக்குழந்தை வில்லியத்தை வைத்துக்கொண்டு, வயிற்றில் இன்னொன்றைச் சுமந்துகொண்டு, 1817 மே மாதம் பிரதியை முடித்தார்.

இனிதான் பதிப்பாளர் வேட்டை. முதலில் ஜான் முர்ரே. பைரனின் பதிப்பாளர், லண்டனிலேயே மதிப்பான இடம். ஜூனில் பிரதி திரும்பி வந்துவிட்டது. அடுத்து பெர்ஸியின் பதிப்பாளர் ஆலியர். தெரிந்தவர்தானே, போடுவார் என்று ஆகஸ்ட்டில் அனுப்பினால், சில நாளிலேயே திருப்பிவிட்டார். சிபாரிசு இருந்தும் இந்தக் கதி!

மூன்றாவதாக லாக்கிங்டன் கம்பெனி. அவர்களுடைய கடை லண்டனில் பெயர்போனது. கடன் கிடையாது, ரொக்கம் மட்டும், அதனால் மலிவு. பேய், மந்திரம் சம்பந்தமான புத்தகங்களும் அவர்கள் பட்டியலில் உண்டு. முர்ரேக்கு இருந்த கௌரவம் இவர்களுக்கு இல்லைதான். ஆனால் பூதத்துக்கு இடம் கொடுத்தவர்கள் இவர்களே. பேரம் பேசியது பெர்ஸி. இது நான் எழுதியதல்ல, என் நண்பர் எழுதியது, அவர் இப்போது இங்கிலாந்தில் இல்லை என்று கடிதம் போட்டார். அந்த நண்பரோ மார்லோ ஊரில் அதே வீட்டில் நிறைமாதமாக இருந்தார்! செப்டம்பர் 2-ல் கிளாரா பிறந்தாள். பிள்ளை பெற்ற கையோடு ப்ரூஃப் பார்த்தாயிற்று. செலவு பதிப்பாளருடையது, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியருக்கு, 500 பிரதிகள். இதுதான் ஒப்பந்தம்.

1818 ஜனவரி 1-ல் மூன்று பாகமாக வெளிவந்தது. விலை 16 ஷில்லிங் 6 பென்ஸ், கூலிக்காரன் தொடக்கூட முடியாது. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையும் பெர்ஸி எழுதியதே. மேரிக்குக் கிடைத்த பங்கு சுமார் 40 பவுண்டு.

விமர்சனம் வந்தது. திருப்பி அனுப்பிய முர்ரேயின் பத்திரிகையிலேயே குரோக்கர் என்பவர் கிழித்துத் தொங்கவிட்டார். வால்டர் ஸ்காட் மட்டும் மார்ச் மாதம் மனம்விட்டுப் பாராட்டினார், ஆனால் எழுதியது பெர்ஸி என்று நினைத்துக்கொண்டு! மேரி சும்மா இருக்கவில்லை. ஜூனில் இத்தாலியிலிருந்து ஸ்காட்டுக்குக் கடிதம் எழுதி, அது தன்னுடையது என்று தெரிவித்தார். இதைப் படித்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. ப்ராஜெக்ட் பேட்ச்சில் ஒரு பெண் சர்க்யூட்டை முடித்து வைத்தால், பையன்கள் செய்து கொடுத்தார்களா என்று கேட்கிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு. எங்கள் பேட்ச்சில் நாங்கள் மூன்று பேர் பெண்கள், அந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாரும் எங்களில் இல்லை.

இத்தாலி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. 1818-ல் கிளாரா, 1819-ல் வில்லியம், 1822 ஜூலையில் படகு கவிழ்ந்து பெர்ஸி. மிஞ்சிய ஒரே மகனோடு 24 வயது விதவையாக நின்றார். 1823 ஆகஸ்ட்டில் லண்டன் திரும்பிப் பார்த்தால், அவர் பூதம் நாடக மேடையில் ஓடிக்கொண்டிருந்தது! அப்பாவோடு போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் பூதத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள், அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த மாதமே அப்பா ஏற்பாடு செய்த இரண்டாம் பதிப்பில்தான் முதன்முதலாக மேரியின் பெயர் அச்சானது.

அதற்கும் மாமனாரால் தொல்லை. பேரனுக்காகக் கொடுக்கும் சொற்பத் தொகையைக் காட்டி, ஷெல்லி என்ற பெயரைப் பத்திரிகைகளில் இழுக்கக் கூடாது என்றார். அதனால் 1826-ல் வந்த ‘கடைசி மனிதன்’ நாவலில் பெயர் இல்லை, ஃபிராங்கன்ஸ்டைன் ஆசிரியர் எழுதியது என்றுதான் போட்டார்கள். பெயரில்லாமல் வந்த புத்தகம் அவருக்குப் பெயராகிவிட்டது. 1831-ல் மலிவுப் பதிப்புக்காக முழு உரிமையையும் 30 பவுண்டுக்கு விற்றார். 1851 பிப்ரவரி 1-ல் இறந்தார், வயது 53.

அவர் எழுதிய நோட்டுகள் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. மேரியின் கையெழுத்துக்கு நடுவே பெர்ஸியின் திருத்தங்கள் தனியாகத் தெரிகின்றன. ஆராய்ந்தவர்கள் வார்த்தை வார்த்தையாக எண்ணியும் பார்த்துவிட்டார்கள். சுமார் 72,000 வார்த்தைகளில் பெர்ஸியுடையவை நாலாயிரம், ஐயாயிரம்தான். மற்றதெல்லாம் மேரி எழுதியது.